ஓடும் ரேகை

எங்கள் மர மில்லில் ஒரு வார்த்தையை ரொம்ப நாளாக யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கெட்ட வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தைகளுக்கு எங்களிடம் எந்தப் பஞ்சமும் கிடையாது. மரம் உருட்டுகிற இடத்தில் வாய் சுத்தமாக இருக்க முடியாது. இது தொழில் வார்த்தை. ‘ஓடுது’ என்பதுதான் அது.

என்னை முதலில் சொல்லிவிடுகிறேன். மில்லில் ரம்பப் பட்டைக்குச் சாணை பிடிப்பவன். ‘சாணை’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். மரம் அறுக்கிற மேஸ்திரி வீட்டின் பின்பக்க அறையில் குடியிருக்கிறேன், மதியச் சோறும் அங்கேதான். பயந்த சுபாவம். ஓடுகிற ரம்பத்துக்கு நேர் எதிரே ஒருநாளும் நின்றதில்லை. பட்டை அறுந்தால் முகத்துக்குத்தான் வரும் என்று எல்லாரிடமும் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு மூக்கு இருக்கிறது.

கட்டை தள்ளுவண்டியில் ஏறியதும் மேஸ்திரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி முன்னே பின்னே பார்ப்பார். முதல் அறுப்பு எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டையை அப்படியே வரிசையாகச் சீவிக்கொண்டு போனால், பலகையின் முனையில் மரத்தின் வளர்ச்சி வளையங்கள் படுத்துக் கிடக்கும். அதை நாங்கள் ‘படுக்கை’ என்போம். முகப்பில் அலை அலையாக ரேகை வந்து பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் வெயில் கண்டால் வளையும். கட்டையை நாலாகப் பிளந்து நடுவிலிருந்து வெளிப்பக்கம் பார்த்து அறுத்தால் வளையங்கள் நெட்டுக்குத்தலாக நிற்கும். அது ‘நிலை’. சொன்னபடி கேட்கும் பலகை, என்ன, மரம் கொஞ்சம் வீணாகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘சாய்வு’.

இந்த மூன்றும் முனையைப் பார்த்துச் சொல்வது. நாலாவது, பக்கவாட்டைப் பார்த்துச் சொல்வது. நல்ல பலகையில் ரேகை இந்த முனையில் கிளம்பி அந்த முனை வரைக்கும் பலகையோடேயே போகும். முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரத்தை நேராக அறுத்தால், ரேகை பாதி வழியிலேயே பலகையை விட்டு வெளியே போய்விடும். அதுதான் ‘ஓடுது’. அடுக்கில் கிடக்கும்போது மற்றதைப் போலவேதான் இருக்கும். மேலே ஆள் ஏறினால் அந்த ரேகை வழியே பிளந்துகொள்ளும். பெட்டி அடிக்கத்தான் அது ஆகும், மனுஷன் நிற்க ஆகாது.

ரம்பத்துக்கு அந்தப் பக்கம் பலகையைக் கையில் வாங்குகிறவர் ஒருவர் உண்டு. பலகை வெளியே வர வர அவர் குரல் கொடுப்பார்: “படுக்கை… படுக்கை… சாய்வு… ஓடுது!” அந்தக் குரலைக் கேட்டு அடுக்குகிறவர் பிரித்துப் போடுவார். எங்கள் மில்லில் பலகை வாங்குகிறவருக்குப் பெயர் பவ்யம். வாசல்படியில் தடுக்கினால் வாசல்படியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

மேஸ்திரியின் ஒரே மகள் ஒரு பெயிண்டரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போய்விட்டாள் என்று தெரு பேசியது. மேஸ்திரி தெருவில் நின்றுகொண்டு, “என் கண்ணு முன்னால வந்தா ரெண்டு பேரையும் வெட்டிப் போடுவேன்” என்று கத்தினார். அன்றைக்கு நான் பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தியது எனக்குப் பயமில்லை. அதற்கப்புறம் அவர் கத்தவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த நாள் வேலைக்கு வந்து கட்டையைச் சுற்றி வந்தார். பவ்யம் வழக்கம்போல “ஓடுது!” என்று குரல் கொடுத்தார். மேஸ்திரியின் கை வண்டியின் பிடியிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ரம்பம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்றோடு பவ்யம் அந்த வார்த்தையை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு இருமல். லேசாக, கையை வாய்க்கு வைத்துக்கொண்டு. அப்போதிருந்த அடுக்குகிறவருக்கு விஷயம் தெரியும், இருமினால் ஓரமாகப் போட்டுவிடுவார். எவ்வளவு மரியாதைக்காரர்கள் நாங்கள் என்று எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது.

அந்த அடுக்குகிறவர் வேலையை விட்டுப் போனார். வேறொரு மரக்கடையிலிருந்து புது ஆள் வந்தார். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தோம். தேநீர் எங்கே, கக்கூஸ் எங்கே, முதலாளி எப்போது வருவார். இருமலைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மழை விட்ட அன்று அது தெரியவந்தது. ஒரு வாரம் ஊற்றிவிட்டு, வானம் வெளுத்து, ஆனால் காற்று மட்டும் நிற்காமல் அடித்தது. மரத்தூள் ஈரமாகிச் செருப்பில் அப்பிக்கொண்டது. டீ குடிக்கும்போது புது ஆள் சட்டைப்பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்து பவ்யத்திடம் நீட்டினார்.

“இந்தாங்கண்ணே, வாயில போட்டுக்கங்க.”

“எதுக்கு?” என்றார் பவ்யம்.

“உங்க இருமலுக்குத்தான். நானும் பாக்குறேன், டாக்டர்கிட்ட போக மாட்டேங்குறீங்க. அந்த முறுக்குக் கட்டை அறுத்த அன்னிக்கு என்னா இருமு இருமுனீங்க! பலகைக்கு ஒரு தடவை. எனக்கே நெஞ்சு வலிச்சுது.”

பவ்யம் மிட்டாயை வாங்கவில்லை. “அந்தப் பலகையெல்லாம் எங்க போட்டீங்க?”

“எங்க போடுறது? நீங்கதான் ஒண்ணும் சொல்லலையே. நல்லதோட சேத்து அடுக்குனேன். சாரம் கட்டன்னு ஒரு லோடு போச்சு பாருங்க, அதுல ஏத்தியாச்சு.”

என் கையிலிருந்த டீ என் காலிலேயே கொட்டியது. சூடு பிறகுதான் தெரிந்தது. சாரப் பலகை என்றால் கட்டடத்துக்கு வெளியே, ஆகாசத்தில் நின்று வேலை செய்கிற பலகை. அதை வாங்கிப் போனவர் பெயிண்ட் கான்ட்ராக்டர். அவரிடம்தான் மேஸ்திரியின் மாப்பிள்ளை வேலை செய்கிறான். மகளும் அவனோடு சேர்ந்து சுவருக்கு மாவு பூசிப் பட்டி பார்க்கிறாள், பெயிண்ட் அடிக்கிறாள்.

“நீ போய் மேஸ்திரிகிட்ட சொல்லுய்யா சாணை” என்றார் பவ்யம். முகம் வெளுத்திருந்தது. “என்னால அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.”

மேஸ்திரி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஓடினேன். வீட்டில் அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்றால் மேஸ்திரியின் மனைவி. அவித்த முட்டையை இரண்டாக வெட்டித் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார். மகள் போனதிலிருந்து அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு.

“வா தம்பி, ஏன் இப்பிடி மூச்சு வாங்குது? உக்காரு, போடறேன்.”

“இல்லக்கா. மேஸ்திரி… அந்த முறுக்குக் கட்டை…”

“அதுக்கென்ன?” அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். “பெட்டிக்குத்தான் ஆகும்னு அன்னைக்கே சொன்னேனே.”

“பெட்டிக்குப் போகல.”

“பின்ன?”

“நல்லதோட கலந்துருச்சு. புது ஆளுக்குத் தெரியல. பவ்யம் அண்ணன் குரல் குடுக்கல.”

“ஏன், தொண்டையில என்ன, கொழுக்கட்டையா?”

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“ஓடுதுன்னு சொல்லல மேஸ்திரி. யாரும் சொல்றதில்ல. இருமுறதுதான். ரொம்ப நாளா அப்பிடித்தான்.”

“இருமுறதா? எதுக்குய்யா இருமணும்?”

அக்கா குழம்புச் சட்டியைக் கரண்டியால் கிண்டினார். சோற்றில் இருந்த அவருடைய கை நின்றது. வண்டிப் பிடியில் அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றது.

“எனக்காகவா?” என்றார்.

“நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு…”

“மடப்பசங்களா” என்றார் மெதுவாக. “பலகை எங்க போச்சு?”

“சாரத்துக்கு. பெயிண்ட் கான்ட்ராக்டர் எடுத்துட்டுப் போனாரு.”

அக்காவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகளோடு அவர் போனில் பேசுவது எனக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. அன்றைக்கு அதையெல்லாம் மறைக்க அவருக்கு நேரமில்லை.

“நேத்துதான் சொன்னா” என்றார். “புதுப் பலகை வந்திருக்கும்மா, நம்ம மில்லுப் பலகை, வாசனையிலயே கண்டுபிடிச்சிட்டேன்னு. சந்தோசமாச் சொன்னா. அப்பா அறுத்த பலகை, இனிமே பயமில்லாம மேல நிப்பேன்னு சொன்னா.”

மேஸ்திரி எழுந்துவிட்டார். கையைக் கழுவவில்லை.

“எந்தக் கட்டடம்?”

“அந்தத் துணிக்கடைக்குப் புதுசா கட்டுறாங்களே, பெரிய ரோட்டு முனையில. மழை விட்டுச்சுல்ல, இன்னைக்கு வெளிச் சுவரு…” அக்கா போனை எடுத்து அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. “வேலை நேரத்துல பையில வச்சிட்டுக் கீழ வச்சிருப்பா. எடும்மா. எடுத்துத் தொலையேன்டி.”

என் ஸ்கூட்டர் பழசு. இரண்டு பேர் உட்கார்ந்தால் முனகும். மேஸ்திரி பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தார், விரல்கள் எலும்பில் இறங்கின. தேங்கிய தண்ணீரிலெல்லாம் வண்டியை விட்டேன். காற்று எதிரே அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சாரம் எப்படி ஆடும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவ எடை போட்டிருக்காளா?”

“தெரியல மேஸ்திரி. நான் பாக்கல.”

“மெலிஞ்சுதான் இருப்பா” என்றார். தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறார் என்று கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கட்டடம் முழுக்கச் சாரம் கட்டியிருந்தது. கம்பங்களில் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் பலகைகள். மூன்றாவது மாடிக்கு நேரே, தலையில் துணி கட்டிக்கொண்டு, அவள் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே குவித்திருந்த பைகளில் ஒன்றில் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மேஸ்திரி என் வாயைப் பொத்தினார். சோற்றுக் கை.

“கத்தாத. நிமிந்து பாப்பா. என்னைப் பாத்தா ஓடுவா.”

அவர் சொன்னது உண்மைதான். வெட்டுவேன் என்று தெருவில் கத்திய அப்பன் கீழே நின்றால் எந்தப் பெண்ணும் ஓடத்தான் ஓடுவாள். அந்தப் பலகையில் ஓடுவதைத் தவிர எது வேண்டுமானாலும் செய்யலாம். அவர் முகமே அன்றைக்கு அவளுக்கு எமன்.

கட்டடத்துக்குள் புகுந்து படியேறினோம். இன்னும் கைப்பிடி வைக்காத படி. எனக்கு உயரம் ஆகாது, சுவரோடு ஒட்டி ஏறினேன். மூன்றாவது மாடியில் சன்னலுக்கு விட்ட வெற்று இடைவெளி. அதற்கு வெளியே கையெட்டும் தூரத்தில் பலகையின் இந்த முனை. அவள் அந்தக் கடைசியில், கம்பத்துக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரி சன்னல் ஓரத்தில் குத்தவைத்தார். பலகையின் பக்கவாட்டில் சிதறியிருந்த பெயிண்டைக் கட்டைவிரலால் துடைத்தார். ரேகை தெரிந்தது. எனக்கே தெரிந்தது. மேலே கிளம்பிய ரேகை, நடுவுக்கு முன்னாலேயே அடிப்பக்கம் இறங்கி வெளியே போயிருந்தது. அதை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

“விட ஆரம்பிச்சிருச்சு” என்று கிசுகிசுத்தார். “நடுவுல கால் வச்சா போச்சு. நீ சொல்லு. உன்னைப் பாத்தா பயப்பட மாட்டா.”

என்னைப் பார்த்துப் பயப்பட உலகத்தில் யாருமே இல்லை. முதல் தடவையாக அது உபயோகப்பட்டது. “பாப்பா” என்றேன்.

அவள் திரும்பினாள். “சாணை அண்ணே! நீங்க எங்க இங்க? உங்களுக்கு மாடின்னாலே ஆகாதே!” சிரித்துக்கொண்டே ஒரு அடி என் பக்கம் வைத்தாள். பலகை ‘க்ளிக்’ என்றது.

“வராத!” என்று மேஸ்திரி எழுந்துவிட்டார். அவரால் ஒளிந்திருக்க முடியவில்லை.

அவளுடைய சிரிப்பு அப்படியே போய்விட்டது. ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள், ஒரு கணம் கீழே பார்த்தாள். பட்டி தேய்க்கிற கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, வேணாம்ப்பா” என்றாள்.

“அம்மாடி, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உன் காலுக்குக் கீழ இருக்கிறது முறுக்கு மரம். ரேகை ஓடுது. கேக்குதா? ஓடுது.” அவர் அந்த வார்த்தையைக் கூச்சமில்லாமல் இரண்டு தடவை சொன்னார். சின்ன வயசிலிருந்து அந்த மில்லில் விளையாடியவள், அது என்னவென்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. முகம் சுருங்கிப் போனது. “பின்னால கம்பத்தைக் கட்டிப் புடிச்சிக்கோ. காலைப் பலகையில இருந்து எடுத்துக் குறுக்குக் கட்டையில வை. மெதுவா. அவ்வளவுதான்.”

அவள் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு காலை எடுத்துக் குறுக்குக் கட்டையில் வைத்தாள். அடுத்த காலும் வந்திருக்கும். அதற்குள் கட்டடத்தின் மூலையைத் திரும்பி மாப்பிள்ளை வந்துவிட்டான். அடுத்த பலகையில் நின்றான், கையில் பெயிண்ட் டப்பா. அவன் பார்த்தது என்ன? மனைவி கம்பத்தைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறாள், எதிரே அவள் அப்பன். வேறு என்னதான் நினைப்பான்? டப்பாவை விட்டெறிந்தான். அது கீழே போய் விழுகிற சத்தம் வருவதற்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டான். மனைவியைத் தாண்டி, அவளுக்கும் அப்பனுக்கும் நடுவில் வந்து நிற்க. அதாவது, அந்தப் பலகையின் நடுவுக்கு.

“நில்லுடா” என்று நான் கத்தினேன். அவன் வேகம் கூடியது. “டேய், நில்லு” என்றேன். அவன் கால் இந்தப் பலகையின் முனைக்கு வந்துவிட்டது.

“மாப்ளே!” என்றார் மேஸ்திரி. “நில்லுங்க மாப்ளே!”

அவன் நின்றுவிட்டான். ஒரு கால் தூக்கியபடி. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றான். அத்தனை நாளில் அவனை அவர் பேசியதெல்லாம் வேறு மாதிரி. அவனுக்குத் தெரிந்து, அவர் வாயில் அவன் நாய், திருடன், அந்தப் பய.

“அந்தக் காலைப் பின்னால எடுங்க” என்றார் மேஸ்திரி. அழுகிற குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “உங்க காலுக்குக் கீழ இருக்கிறதும் அதே லோடுதான் மாப்ளே. நடக்காதீங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கம்பத்தைப் புடிச்சுக்கங்க. சாணை, கீழ போய் ஏணி கொண்டு வரச் சொல்லு. ஓடுய்யா.”

கைப்பிடி இல்லாத அந்தப் படியில் நான் எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கு வரை தெரியாது. ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலையாட்கள் வருவதற்குள் காற்று மறுபடி அடித்தது, சாரம் முழுக்கக் கிறீச்சிட்டது. மேலே மேஸ்திரி பேசிக்கொண்டிருந்தது கீழே கேட்டது.

“சாப்பிட்டியா?”

“காலைல சாப்பிட்டேன்ப்பா.”

“என்ன சாப்பிட்ட?”

“ரொட்டி.”

“ரொட்டி ஒரு சாப்பாடா? அவரு சாப்பிட்டாரா?”

“அவரும் அதான்.”

“கீழ பாக்காத. என்னையே பாரு. வீட்டுல முட்டை அவிச்சிருக்கு. என்னையே பாரும்மா.”

முதலில் அவளை இறக்கினோம், பிறகு அவனை. தரைக்கு வந்ததும் அவள் மணலிலேயே உட்கார்ந்தாள். மேஸ்திரி ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “வலிக்குதுப்பா” என்றாள். அவர் விடவில்லை.

அந்தப் பலகையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். இரண்டு செங்கல் அடுக்குக்கு மேலே குறுக்கே போடச் சொன்னார் மேஸ்திரி. மகளின் கையை விடாமலேயே நடுவில் ஒரே ஒரு காலை வைத்து அழுத்தினார். முழு எடையைக்கூடப் போடவில்லை. பிஸ்கட் மாதிரி போனது. நார் நாராகக்கூடப் பிரியவில்லை. சாய்வாக, வழவழவென்று, யாரோ முன்கூட்டியே அறுத்து வைத்தது போல இரண்டாகிக் கிடந்தது. மாப்பிள்ளை அதைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

மேஸ்திரி நிமிர்ந்து சாரத்தைக் கண்ணால் எண்ணினார். உதடு அசைந்தது. பிறகு மகளின் கையை விட்டார்.

“இங்க பாதிதான் இருக்கு. மிச்சம் எங்க?”

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினான். “தண்ணி டேங்க் வேலைக்கு அனுப்பிட்டாரு… மாமா. அங்கயும் இன்னைக்குத்தான் ஏறியிருக்காங்க.”

“யாரு?”

“பழக்கமில்ல. புருஷன் பொண்டாட்டி மாதிரி ரெண்டு பேரு. புதுசா வந்தவங்க. போன் நம்பர்கூட இல்ல.”

“வண்டியை எடுங்க.”

மேஸ்திரியும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன சத்தம் ரோட்டு முனையில் அடங்கியது. கூரைகளுக்கு அப்பால் அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் இடுப்பைச் சுற்றிச் சாரம், அதில் இரண்டு புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று நிற்கும், ஒன்று நடக்கும். நான் கையை ஆட்டிப் பார்த்தேன், சட்டையைக் கழற்றிக்கூட ஆட்டினேன். அங்கிருந்து யார் பார்ப்பார்கள்? அவள் மணலிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை.

“அண்ணே” என்றாள். “இவரை மாப்ளேன்னு கூப்பிட்டு நிறுத்திட்டாரு. அவங்களை அப்பா என்னன்னு கூப்பிடுவாரு?”

நடந்துகொண்டிருந்த புள்ளி நடந்துகொண்டே இருந்தது.